ஆறுதல் ஊசி

பூனை செத்ததற்கு வீட்டில் யாரும் அழவில்லை என்றுதான் நாச்சிமுத்து விசாரித்தவர்களிடமெல்லாம் சொன்னார். வயசான பூனை, போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். கொய்யா மரத்தடியில் தானே குழி வெட்டிப் புதைத்துவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு வந்து, வழக்கம்போலக் காப்பி கேட்டார். அந்தக் காப்பி ஆடை படிந்து ஆறிப்போய் மாலைவரை அங்கேயே இருந்தது என்பது வேறு விஷயம்.

அழுதது நாய்தான்.

கோயமுத்தூர் வடவள்ளியில் நாச்சிமுத்துவின் வீடு. பம்புசெட் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வார்ப்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் விரலால் தடவியே கண்டுபிடித்துத் தள்ளிவிடுவார். வீட்டு மாடி கட்டும்போது மணல் குவியல் மேல் வந்து உட்கார்ந்துகொண்டு கொத்தனார்களை முறைத்துக்கொண்டிருந்த குட்டிநாய்க்கு ‘மேஸ்திரி’ என்று பெயர் வைத்தவரும் அவர்தான். பூனை அதற்கு முன்பே வந்துவிட்டது. மிக்ஸி வந்த அட்டைப்பெட்டிக்குள் கிடந்ததால் அதற்கு மிக்ஸி என்று பெயர். அதைக் கொண்டுவந்தவர் அவர் மனைவி கருணாம்பிகை, பெண்கள் பள்ளியில் விலங்கியல் டீச்சர். சோறு வைப்பவர் அவர். ஆனால் பூனை படுத்தது நாச்சிமுத்துவின் மடியில். “எனக்குப் பூனையே ஆகாதுங்க” என்று வருகிறவர்களிடம் சொல்லுவார். நாற்காலியில் சாய்ந்தபடி அதைச் சொல்லும்போது மடியில் பூனை இருக்கும். காலடியில் நாய் இருக்கும். வருஷக்கணக்கில் அந்த வீட்டின் முன்னறையில் அந்த மூன்றும் ஒரே சாமானாகக் கிடந்தன.

மிக்ஸி போன மறுநாளிலிருந்து மேஸ்திரி பிரிட்ஜின் மேல்பக்கத்தைப் பார்த்தபடி நின்றது. துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் மூக்கை நுழைத்துத் தேடியது. தட்டில் வைத்த சோற்றில் எப்போதும் பூனைக்கென்று ஓர் ஓரத்தை மிச்சம் வைக்கிற பழக்கம் அதற்கு. இப்போதும் வைத்தது. அந்த மிச்சம் ஒவ்வொரு நாளும் பெரிதாகி, கடைசியில் தட்டு முழுக்க மிச்சமானது. ஊளையிடவில்லை. கொதிக்கப்போகிற தண்ணீர் போலத் தொண்டைக்குள் ஒரு மெல்லிய சத்தம் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது.

ஊளையிட்டிருந்தால்கூட நாச்சிமுத்து தாங்கியிருப்பார். அந்தச் சத்தத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“டாக்டருகிட்டக் காட்டலாம் கருணா. அப்படியே செத்துப்போயிரும்.”

“சாகாதுங்க. நாலு வாரம், ஆறு வாரம் அப்படித்தான் இருக்கும். அதும்பாட்டுக்கு விடுங்க.”

“ஒரு பூனைக்காக நாய் இப்படிக் கிடக்குமா? கேக்கறவன் சிரிப்பான்.”

“பூனைக்காக மட்டும்னு ஆரு சொன்னாங்க?” கருணாம்பிகை விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டார். “மிக்ஸி போனதுலருந்து நீங்க அந்த நாற்காலில உட்காரவே இல்லீங்க. வெளிய சுத்தறீங்க, இல்லாட்டி மாடிக்குப் போயிடறீங்க. அது ரெண்டு பேரைத் தேடிட்டிருக்குது.”

நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்தது. தனக்கு நாற்காலியில் முதுகுவலி என்றார்.

அந்தச் சமயத்தில்தான் காலனிக்காரர்களின் செல்போன் குழுவில் ‘ஆறுதல் ஊசி’ பற்றி யாரோ போட்டிருந்தார்கள். துணையை இழந்த பிராணிகளுக்கு ஒரே நாளில் நிம்மதி. ரேஸ்கோர்ஸ் பக்கம் புதிதாக வந்த ஆஸ்பத்திரி. பக்கத்து வீதியில் இரண்டு நாய்களுக்குப் போட்டாயிற்று, இரண்டும் கல்யாண வீட்டுப் பிள்ளைகள்போல ஓடியாடுகின்றன என்று சாட்சியும் இருந்தது.

அங்கே இருந்த டாக்டர் தமயந்தி சின்ன வயசு. பொறுமையாக விளக்கினார்.

“நமக்குக் கண்ணு எப்படியோ அப்படி நாய்க்கு மூக்கு சார். அதோட ஞாபகமெல்லாம் வாசனைலதான் கோத்திருக்கும். ஒரு ஞாபகத்தை வெளிய எடுத்துப் பார்க்கறப்ப அது இளகிடும். திரும்ப இறுகறதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். நாங்க பூனையோட வாசனையைக் காட்டி ஞாபகத்தை இளக்குவோம். இறுகறதுக்குள்ள மருந்து போட்டா அது அப்படியே கரைஞ்சிடும்.”

“வார்ப்புல இரும்பு இறுகறதுக்கு முந்தி அச்சைக் கவுத்தி விடற மாதிரிங்களா?”

“அப்படியே வெச்சுக்கங்க. பூனைன்னு ஒண்ணு இருந்ததே தெரியாது. தெரியாததுக்கு எப்படி ஏங்கும்?”

பூனையின் வாசம் ஏறிய பொருள் ஒன்று வேண்டும் என்றார். கருணாம்பிகை மிக்ஸியின் மெத்தை, போர்வை எல்லாவற்றையும் துவைத்து, தானமும் கொடுத்துவிட்டிருந்தார். கொஞ்சம் தயங்கிய பின் நாச்சிமுத்து தன் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு கைலியை எடுத்தார். மிக்ஸி கடைசியாகப் படுத்திருந்த கைலி. துவைக்காமல், நாலாக மடித்து, உள்ளே தள்ளி வைத்திருந்தார். கருணாம்பிகை அதைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

“இதுல என்ற வாசமும் இருக்குமேங்க?” என்று மேஸ்திரியை ஆஸ்பத்திரியில் விடும்போது டாக்டரிடம் கேட்டார் நாச்சிமுத்து.

“மனுஷ வாசத்தை மெஷின் வடிகட்டிடும். கவலையே படாதீங்க.”

மறுநாள் கருணாம்பிகைதான் போய் மேஸ்திரியைக் கூட்டிவந்தார். வந்ததும் அது தட்டை நக்கித் துடைத்தது. ஓரம்கூட மிச்சமில்லை. பிரிட்ஜை ஏறிட்டும் பார்க்கவில்லை. பால் பாக்கெட் கொண்டுவரும் சக்கரப்பெட்டி தானாக உருண்டு வாசலுக்கு வந்தபோது அதைச் சுற்றிச் சுற்றி ஓடி விளையாடியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேட் வழியாகக் கைநீட்டித் தடவினார்கள், வாலை ஆட்டியது.

மத்தியானம் நாச்சிமுத்து கறிக்கடையில் எலும்பு வாங்கிக்கொண்டு, மனசு லேசாகி, கேட்டைத் திறந்தார்.

மேஸ்திரி முடியைச் சிலிர்த்துக்கொண்டு அவரைப் பார்த்துக் குரைத்தது.

“டேய் மேஸ்திரி. நான்தான்டா.”

குரைப்பு பெரிதானது. எலும்பைக் காட்டினார். திருடனும் அதைத்தான் காட்டுவான் என்பதுபோலப் பல்லைக் காட்டியது. கருணாம்பிகை வெளியே வந்து கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் நாச்சிமுத்துவால் தன் வீட்டுப்படி ஏற முடிந்தது. உள்ளே போன பிறகும் அது படுக்கையறைவரை அவர் பின்னாலேயே வந்து, அலமாரியைத் திறக்கிறாரா என்று கண்காணித்தது. அவர் வைத்த பெயர் வீண்போகவில்லை.

அடுத்த நாள் காலையில் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

“மெஷின்ல தப்பில்லை சார்,” டாக்டர் தமயந்தி திரையில் எதையோ மூன்றுமுறை பார்த்துவிட்டுச் சொன்னார். “உங்க வாசத்தைச் சரியா வடிகட்டித்தான் காட்டியிருக்கு. ஆனா பூனையோட ஞாபகம் எழுந்தப்ப அதைப் பிடிச்சுக்கிட்டு இன்னொண்ணும் எழுந்து வந்திருக்கு. வாசத்தை வடிகட்டலாம். ஞாபகத்தை வடிகட்ட முடியாது. உங்க நாய்க்கு நீங்க தனி, பூனை தனின்னு இல்லை. ரெண்டும் ஒரே ஆளு.”

“என் சம்சாரத்தை மட்டும் தெரியுதே?”

“மேடம் சோத்தோட சேர்ந்தவங்க. அது வேற இடம்.”

நாச்சிமுத்து முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “திரும்பக் கொண்டுவர முடியாதுங்களா?”

“கரைஞ்சது கரைஞ்சதுதான் சார். புதுசாப் பழகிக்கலாம். உங்களுக்கு அது தடையில்லை.” பிறகு, தன்னை நியாயப்படுத்துவதுபோல, “உங்களுது தெரியாம நடந்தது. தெரிஞ்சே கேக்கறவங்க வர்றாங்க சார். போன வாரம் ஒருத்தர், சம்சாரத்தோட துப்பட்டாவைக் கொண்டுவந்தார். விவாகரத்துக் கேஸ், நாய் யாருகிட்ட ஓடுதோ அவங்களுக்குத்தான்னு ஜட்ஜ் சொல்லிட்டாராம். சந்தைல இப்ப வளர்ந்த நாயையெல்லாம் ‘பழசு மறந்தது’ன்னு போர்டு போட்டு விக்கறாங்க.”

“நீங்க போட்டு விடறீங்க.”

“கையெழுத்துப் போட்டுக் குடுத்தா போடணும்னு மேல சொல்லிட்டாங்க,” என்று டாக்டர் திரையைத் திருப்பி வைத்தார்.

வெளியே காத்திருக்கும் கூடத்தில், மடியில் ஒரு வெள்ளைப் பொமரேனியனை வைத்துக்கொண்டு மெலிந்த பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அறையின் கதவு சரியாகச் சாத்தவில்லை போலிருக்கிறது, எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

“உட்காருங்க சார். என் பேர் ஆரோக்கியசாமி. போத்தனூர். ரயில்வேல கார்டா இருந்தேன்.” கொஞ்சம் இருமிவிட்டுத் தொடர்ந்தார். “உங்க நாய் உங்களை மறந்துடுச்சுன்னு சொன்னாங்களே. அது நல்லா சாப்பிடுதா?”

“சாப்பிடுதுங்க.”

“தூங்குதா?”

“நல்லாத் தூங்குதுங்க.”

“அப்ப சரி,” என்றார் பெரியவர் திருப்தியாக. “என் சம்சாரம் போனப்ப இந்த டெய்சி பட்ட பாட்டை நான் பார்த்திருக்கேன். கல்லறைத் தோட்டத்துல போய்ப் படுத்துக்கும். தூக்கிட்டு வரணும். இப்ப நெஞ்சுல கட்டின்னு சொல்லிட்டாங்க எனக்கு. இன்னும் கொஞ்ச நாள்தானாம். நான் போன பிறகு இது என் தங்கச்சி செசிலிகிட்டத்தான் இருக்கணும். அழுதுகிட்டே ஒருத்தர் வீட்டுக்குப் போறது கஷ்டம் சார், நாயா இருந்தாலும். அதான் முன்கூட்டியே.”

அவர் பையில் ஒரு பழைய சட்டை இருந்தது.

நாச்சிமுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். “நாய்க்கு ஒரு குறையும் வராதுங்க,” என்று மெதுவாகச் சொன்னார். “நமக்குத்தான் வீட்டுக்குள்ள ஒறம்பரையா வந்து தங்கியிருக்கற மாதிரி இருக்கும். பெட்டியை எப்ப எடுப்பான்னு பாக்கற மாதிரி பாக்கும்.”

“கொஞ்ச நாளைக்குத்தானே. தாங்கிக்குவேன்.”

“நான் சொல்றதைக் கேளுங்க. ரெண்டு மாசமானாலும் அது உங்களைத் தெரிஞ்சு வெச்சிருக்கட்டும்ங்க.”

“என் ரெண்டு மாசத்துக்காக அது வருஷம் பூரா அழணுமா?” ஆரோக்கியசாமி சிரித்தார். “நான் பின்னால கொடி காட்டறவன் சார். வண்டி நல்லபடியாப் போகணும், அவ்வளவுதான்.”

உள்ளே கூப்பிட்டார்கள். போகிறவரின் தோளுக்கு மேலாக டெய்சி அவர் காதை நக்கிக்கொண்டே போனது. கதவு இந்த முறை சரியாகச் சாத்தப்பட்டது.

அதற்கப்புறம் சில மாதங்கள் நாச்சிமுத்து தன் நாயிடம் பழகும் வேலையில் இருந்தார். முதலில் சோறு வைக்கும் பொறுப்பை வாங்கிக்கொண்டார். அடுத்து வாக்கிங். மேஸ்திரி குரைப்பதை விட்டது, முறைப்பதை விட்டது. சொன்னால் கேட்டது. மாதச் சம்பளத்துக்கு வந்த ஆள் மாதிரி மரியாதையாக நடந்துகொண்டது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. அவர் வெளியூர் போய்விட்டு வந்தால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ளும்.

“எத்தனை வருஷம் ஆனாலும் பழசு வராதுங்களா?” என்று ஒருநாள் கருணாம்பிகையிடமே கேட்டார், டீச்சர் என்ற முறையில்.

“பழசு எதுக்குங்க? அப்பவெல்லாம் அது உங்களைத் தேடி வந்துச்சு. இப்ப நீங்க அதைத் தேடிப் போறீங்க. அதுவும் நல்லதுதான்.”

அவர் ஆறுதல் சொல்கிறாரா, கணக்குத் தீர்க்கிறாரா என்று நாச்சிமுத்துவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரு மாலை குளக்கரைப் பூங்காவில் மேஸ்திரியோடு நடந்துகொண்டிருந்தபோது ஒரு வெள்ளை நாய் ஓடிவந்து நாச்சிமுத்துவின் முழங்காலில் முன்கால்களை வைத்தது. பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவர் ஆரோக்கியசாமி. கன்னத்தில் சதை போட்டிருந்தது.

“நீங்க...” என்று இழுத்தார் நாச்சிமுத்து.

“இருக்கேன் சார்,” என்றார் ஆரோக்கியசாமி, மன்னிப்புக் கேட்பதுபோல. “கட்டி இல்லையாம். டி.பி.யாம். தப்பாப் பார்த்துட்டாங்க. மாத்திரை சாப்பிட்டேன், சரியாயிடுச்சு. இப்ப தங்கச்சி வீட்டோட இந்தப் பக்கமே வந்துட்டேன்.”

“டெய்சி?”

“அதுக்கு என் சட்டையையே காட்டிப் போட்டாங்க, முழு அளவு. என் வாசம் இனி அதுக்குள்ள தங்காதாம். காலைல அறிமுகம் செஞ்சுக்குவோம். சாயங்காலம் கொஞ்சம் சிநேகமாயிடும். மறுநாள் காலைல திரும்பவும், யாருய்யா நீன்னு பார்க்கும்.” அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். “நான் எந்த வண்டியையும் லேட்டா அனுப்பினதில்லை சார். இந்த ஒண்ணைத்தான் சீக்கிரமா அனுப்பிட்டேன்.”

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. ஆரோக்கியசாமிக்கும் வந்தது. இருவரும் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை சிரித்தார்கள். அதற்குள் மேஸ்திரி, நாச்சிமுத்து இத்தனை மாதமாய்ச் சோறு போட்டும் பார்க்காத ஒரு காரியத்தைச் செய்திருந்தது. ஆரோக்கியசாமியின் செருப்புக்கு மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அது வழக்கமானது. மாலையில் பூங்கா. டெய்சி நாச்சிமுத்துவிடம் ஓடும், மேஸ்திரி ஆரோக்கியசாமியிடம் ஓடும். நாலு பேரும் ஒரே பெஞ்சில். முதல் சில நாட்கள் நாச்சிமுத்துவுக்கு வயிறு எரிந்தது. பிறகு, அந்த மனுஷனுக்கும் எரியுமல்லவா என்று தோன்றியது.

“பேசாம மாத்திக்கலாமா?” என்று ஒருமுறை கேட்டார்.

“மாத்திக்கலாம். அப்புறம் என் நாயைப் பார்க்க நான் உங்க வீட்டுக்கு வரணும், உங்க நாயைப் பார்க்க நீங்க என் வீட்டுக்கு வரணும். வழியில பார்த்துக்கலாம். இப்படியே இருக்கட்டும்.”

நாய்களைச் சாக்கு வைத்து இருவரும் எல்லாம் பேசினார்கள். ஆரோக்கியசாமி தன் மனைவியைப் பற்றிச் சொன்னார். நாச்சிமுத்து பூனையைப் பற்றிச் சொன்னார். “எனக்குப் பூனையே ஆகாதுங்க,” என்று ஆரம்பித்து, மிக்ஸி தன் மூக்குக்கண்ணாடியை நக்கித் துடைக்கும் விதத்தைச் சொல்ல வந்து, முடிக்க முடியாமல் குளத்தைப் பார்த்தார். ஆரோக்கியசாமி வேறு பக்கம் திரும்பி, பறவைகளைப் பற்றி ஏதோ சொன்னார்.

அடுத்த வருஷம் ஈஸ்டர் முடிந்த வாரம் ஆரோக்கியசாமி தூக்கத்திலேயே போய்விட்டார். இந்த முறை டாக்டர்கள் எதுவும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

நாச்சிமுத்துவும் கருணாம்பிகையும் துக்க வீட்டுக்குப் போனார்கள். கூடத்தில் பெட்டி வைத்திருந்தது. ஜெபம் நடந்துகொண்டிருந்தது. அந்த நடுவில் டெய்சி ரப்பர் பந்தைக் கவ்விக்கொண்டு ஒவ்வொருவர் காலடியிலும் போட்டு, எறியச் சொல்லி வாலை ஆட்டியது. அத்தனை விருந்தாளிகள் ஒரே நாளில் வந்ததில் அதற்குத் தலைகால் புரியவில்லை. பெட்டிக்கு அடியிலும் ஒருமுறை பந்தைப் போட்டுப் பார்த்தது. யாரும் எறியாததால் எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் போனது.

“பாருங்கண்ணா,” என்று செசிலி நாச்சிமுத்துவிடம் அழுதார். “கையில வெச்சுத் தாங்கினாரு. அதுக்கு ஒரு சத்தம்கூட வரலியே.”

“அவர் ஆசைப்பட்டபடிதாம்மா நடந்திருக்குது,” என்றார் நாச்சிமுத்து. அவர் காலடியில் பந்து வந்து விழுந்தது. குனிந்து எடுத்தார். சபையைப் பார்த்தார். வாசல் பக்கமாக, மெதுவாக, உருட்டிவிட்டார்.

மாலை அவர் வீடு திரும்பியபோது மேஸ்திரி வழக்கமான நேரத்துக்குக் கேட்டருகே நின்றது. அழைத்துப் போனார். பெஞ்சுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு அது பாதையைப் பார்த்தது. இருட்டும்வரை பார்த்தது. மறுநாளும், அதற்கடுத்த நாளும். தட்டில் சோறு அப்படியே இருந்தது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. நாச்சிமுத்துவுக்குக் கேட்டது, தொண்டைக்குள் கொதிக்கப்போகிற தண்ணீரின் சத்தம்.

ஆரோக்கியசாமி எந்த நாய்க்காக எல்லா ஏற்பாடும் செய்தாரோ அது பந்து விளையாடிக்கொண்டிருந்தது. அவர் கணக்கிலேயே இல்லாத நாய் அவருக்காகப் பட்டினி கிடந்தது.

“என்னங்க செய்யறது?” என்று கேட்டார் கருணாம்பிகை.

“ஒண்ணும் செய்ய வேண்டாம். கூட இருக்கறேன்.”

பிறகு நாச்சிமுத்து பெஞ்சில் உட்காரவில்லை. பூங்காவின் புல்லில், முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல், மேஸ்திரிக்குப் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொள்வார். அது அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரும் அதைத் தடவவில்லை. இருவரும் ஒரே பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சில சமயம் அவர் தோள் குலுங்கும். அதை மறைக்க அவர் முதுகுவலி என்று சொல்லவும் அங்கே ஆளில்லை.

ஒரு மாலை அந்த வழியாக ஓட்டப் பயிற்சியில் வந்த இளம்பெண் ஒருத்தி நின்றாள்.

“நாய்க்கு உடம்பு சரியில்லையா அங்கிள்?”

“இல்லம்மா. சிநேகிதர் ஒருத்தர் தவறிட்டாரு.”

“அச்சோ. உங்க சிநேகிதரா, அதோட சிநேகிதரா?”

நாச்சிமுத்து சற்று யோசித்தார். “எங்க ரெண்டு பேருக்கும்தாம்மா.”

அவள் இரக்கமாகத் தலையாட்டினாள். போகப் போனவள் திரும்பி வந்து, கைப்பேசியை எடுத்துக் குனிந்தாள். “ஒரு ஊசி இருக்கு அங்கிள். ஒரே நாள்ல சரியாயிடும். எங்க பாட்டி தவறினப்ப வீட்டு நாய்க்குப் போட்டோம். இப்ப மனுஷங்களுக்கும் வந்துடுச்சு. அம்மா போட்டுக்கிட்டாங்க. ரொம்ப நல்லா இருக்காங்க. பாட்டி போட்டோவைப் பார்த்து யாரு இந்த அம்மான்னு கேட்டாங்கன்னா பார்த்துக்கங்களேன். நம்பர் அனுப்பட்டுமா?”

“வேண்டாம்மா.”

“காசெல்லாம் அதிகமில்ல அங்கிள். வலிக்கவே வலிக்காது.”

“தெரியுமம்மா,” என்றார் நாச்சிமுத்து. “அதனாலதான் வேண்டாங்கறேன்.”

அவளுக்குப் புரியவில்லை. பாவம், வயசானவர் என்பதுபோலச் சிரித்துவிட்டு, காதில் பாட்டைச் செருகிக்கொண்டு ஓடிப்போனாள். மேஸ்திரி தலையைத் தூக்கி அவள் போவதைப் பார்த்தது. வரவேண்டிய ஆள் அவளில்லை என்று தெரிந்ததும் திரும்பவும் தலையைத் தாழ்த்திக்கொண்டது. நாச்சிமுத்துவும் அப்படியே செய்தார்.